சரக்கு ஏற்றுமுன் லாரியைப் பாருங்கள்

நெய்த சேலையும் விளைந்த காயும் சேரவேண்டிய இடத்தைப் பழுதின்றிச் சேர்ந்த பிறகே நமக்குக் காசாகின்றன. சின்னாளபட்டியில் கட்டப்படும் சேலைப் பேல்களும், ஒட்டன்சத்திரம் சந்தையில் கேரளத்துக்கென ஏற்றப்படும் காய்கறி மூட்டைகளும், சிறுமலை வாழைத்தார்களும் லாரிகளை நம்பியே ஊர் விட்டுப் புறப்படுகின்றன. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வடக்கே சேலம், பெங்களூருக்கும், 83-ஆம் எண் சாலை மேற்கே பழனி, கோவைக்கும், 183-ஆம் எண் சாலை தேனி, குமுளி வழியே கோட்டயத்துக்கும் செல்வதால், திண்டுக்கல்லில் லாரிக்குக் குறைவில்லை. எந்த லாரியில் ஏற்றுவது என்பதில்தான் நம் அங்கத்தினர் பலர் போதிய கவனம் செலுத்துவதில்லை. பூட்டுக்குப் பேர்போன இவ்வூரில் ஒரு பூட்டை வாங்குமுன் நாலு முறை திறந்து பூட்டிப் பார்க்கிறோம். ஆறு மாத உழைப்பை ஏற்றியனுப்பும் லாரிக்கோ பெயர்ப் பலகையைப் பார்த்ததோடு சரி!

அப்பலகையில் உள்ள பெயர் வேறு, வாசலில் வந்து நிற்கும் லாரி வேறு என்பதை முதலில் உணரவேண்டும். நம் நாட்டில் லாரி உடையவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டிகளே வைத்திருப்பவர்கள். புக்கிங் ஆபீஸ் சரக்கைப் பிடிக்கும். புரோக்கர் வண்டியைப் பிடிப்பார். வண்டிக்காரர் வேற்று மாவட்டத்தவராக இருப்பார். ஆகையால் ஆபீஸின் நற்பெயரை மட்டும் விசாரித்தல் பாதி விசாரணையேயாம்.

அமெரிக்காவில் மாநிலம் கடந்து ஓடும் லாரிக் கம்பெனிகளுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறை ஓர் எண் வழங்குகிறது. அவ்வெண்ணைக் கொண்டு, அக்கம்பெனியின் வண்டிகள் எத்தனை முறை சோதிக்கப்பட்டன, எத்தனை வண்டிகள் பழுதுக்காக ஓடாமல் நிறுத்தப்பட்டன, எத்தனை விபத்துக்கள் நேர்ந்தன என்பதை எவரும் கணினியில் காணலாம். நம் நாட்டில் கம்பெனிவாரியாக அத்தகைய கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. இங்கே கிடைப்பது வண்டிவாரியான கணக்கு. எனினும் அதைக்கூட நாம் பயன்படுத்திக் கொள்வதில்லை என்பதே நம் குறை.

மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ, எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைக் கொடுத்தால், அது எந்த ஆண்டு பதிவானது, எவ்வகை வண்டி, எப்.சி. என்னும் தகுதிச் சான்று எந்நாள் வரை செல்லும், இன்ஷூரன்ஸ் எந்நாள் வரை உள்ளது என்பவை தெரியவரும். புது லாரிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. வாங்கவேண்டும் என்பது விதி. எப்.சி. காலாவதியான வண்டியின் பிரேக்கையும் டயரையும் உரிய காலத்தில் எவரும் பார்க்கவில்லை என்று கொள்வதே புத்திசாலித்தனம். வண்டியின் மீதுள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் காணலாம். அதிக பாரத்துக்காகப் பலமுறை பிடிபட்ட லாரி, நம் தக்காளியுடன் குமுளி மலைப்பாதை ஏறத் தகுந்ததன்று.

எண் பலகையை மட்டும் நம்புவதும் போதாது. வேறொரு வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, சரக்குடன் மறையும் மோசடி நாட்டில் நடப்பதுண்டு. ஆர்.சி.யில் 17 எழுத்துக்களும் எண்களுமாக உள்ள சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்தையாவது வண்டியின் சட்டத்தில் பொறித்துள்ளதோடு ஒத்துப் பார்த்தல் நலம். ஐந்து நிமிட வேலை. டிரைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவருடைய லைசென்ஸையும் பார்க்கவேண்டும். இலகுரக வண்டி லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பளித்தது. அதனினும் பெரிய லாரிக்குக் கனரக லைசென்ஸ் அவசியம். முன்னிரவு முழுதும் ஓட்டி வந்தவரா என்று கேட்பதும் நம் கடமையே. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்றது. இரவோடிரவாகக் கொச்சி சேரவேண்டுமென்று விரட்டுகிற நாமும் அவ்வரம்பைச் சற்று நினைக்கவேண்டும்.

இனி, புக்கிங் ஆபீஸின் பொறுப்பைப் பற்றிச் சொல்வோம். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2007-இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் முதல் அமலில் உள்ள சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, பிறர் சரக்கை வாடகைக்குக் கொண்டுசெல்வோர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். பதிவெண் என்ன என்று கேட்டால் பதில் சொல்லாத ஆபீஸுக்கு நம் பேல் போகவேண்டியதில்லை.

அங்கத்தினர் பெரிதும் ஏமாறும் இடம் இனி வருவது. சரக்கின் மதிப்பைக் கூறி, அதற்குரிய கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொண்டாலன்றி, நஷ்டத்துக்கு ஆபீஸ் தரவேண்டியது வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேற்படாது. உதாரணமாக, 60,000 ரூபாய் பெறும் பேலுக்கு வாடகை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேல் மழையில் நனைந்து கெட்டால் கிடைக்கக்கூடியது 4,000 ரூபாய்தான்! லாரிக்கு இன்ஷூரன்ஸ் உண்டே என்பது பலர் சொல்லும் ஆறுதல். சட்டப்படி கட்டாயமான இன்ஷூரன்ஸ் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்கானது. ஏற்றிய சரக்குக்கு அது உதவாது. ஆகவே கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். இல்லையேல் சங்கத்தின் பேரில் சரக்குக்குத் தனி இன்ஷூரன்ஸ் எடுக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தார்ப்பாயில் ஓட்டை உண்டா என்று பார்ப்பதற்கு எந்தத் தளமும் வேண்டியதில்லை.

கம்பெனிகளின் கணக்கை அரசு தரும்வரை சங்கமே ஒரு பேரேடு வைத்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. வண்டி எண், எப்.சி. முடியும் நாள், டிரைவரின் லைசென்ஸ் எண், அனுப்பிய ஆபீஸ், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நனைந்தவை அல்லது அழுகியவை எத்தனை என்று ஏழு கட்டங்கள் போதும். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் இப்பேரேட்டை மாதம் ஒருமுறை பரிமாறிக் கொண்டால், ஒரு பருவத்துக்குள் எந்த ஆபீஸ் எப்படிப்பட்ட வண்டியை அனுப்புகிறது என்பது எழுத்தில் வந்துவிடும். வாடகை பேசும்போதும் அந்நோட்டு மேஜைமேல் இருக்கட்டும்.

நஷ்டம் நேர்ந்துவிட்டால், கோர்ட்டுக்குப் போகுமுன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். சரக்கைப் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அது சேரவேண்டும். நஷ்டத்தைக் கண்ட நாளிலிருந்து எண்ணுவோர் பிந்திவிடுவர். ஆபீஸின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் ஏற்றியபோது வாங்கிய சரக்கு ரசீது நம் கையில் இருக்கவேண்டும். அதன் மூலப் பிரதி அனுப்புகிறவருக்கு உரியது. அதை டிரைவரிடமே கொடுத்தனுப்பும் வழக்கத்தை இம்மாதமே நிறுத்திவிடலாம்.