இருவர், ஒரு படகு, எட்டு மாதம்: நடுக்கடலில் காற்று மாறினால் என்ன செய்வார்கள்?

சிகாமட்: சிகாமட்டில் இருந்து கடல் தெரியாது. மேற்கே மூவாருக்கோ கிழக்கே மெர்சிங்கிற்கோ போனால்தான் அலையைப் பார்க்கலாம். ஆனாலும் கடற்காற்றின் குணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆண்டுக் கடைசியில் தென்சீனக் கடலைத் தாண்டி வரும் பருவக்காற்று மழையைக் கொட்டினால், சிகாமட் ஆறு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரிக் கடைசியிலும் அப்படித்தான் வந்தது.

ஆற்றில் வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போகலாம். நடுக்கடலில் மேடு கிடையாது. அங்கே வானிலை மாறினால் படகில் இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?

இதற்கு அண்மைய உதாரணம், இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளாவின் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து அதில் புறப்பட்டனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபால்க்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கே இடங்களில் நின்று, உலகையே சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினர். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கு மேல்.

நம் முன்னோர் பலரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குக் கொண்டுவந்த 'ரஜூலா' நீராவிக் கப்பல். காற்று எப்படி வீசினாலும் அதன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். தாரிணி உலகைச் சுற்றியது காற்றை மட்டும் நம்பி. அதன் நீளம் 17 மீட்டர்தான். இரண்டு பேருந்துகளைக்கூட அதன் நீளத்துக்குள் வரிசையாக நிறுத்த முடியாது.

இதே தாரிணி 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகளோடு ஒருமுறை உலகைச் சுற்றியிருக்கிறது. ஆறு பேர் பார்த்த வேலையை இம்முறை இரண்டே பேர் பார்த்தார்கள். அதனால்தான் இப்பயணத்திற்கு முன் மூன்று ஆண்டுகள் பயிற்சி தேவைப்பட்டது. இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர் கண்ணயர முடியும். புயல் நாளில் இருவருமே மேல்தளத்தில் நிற்க நேரிடும். அப்போது சாப்பாட்டை விட, தண்ணீரை விட, தூக்கம்தான் முதலில் தீர்ந்துபோகும். களைத்த மூளை எடுக்கும் தவறான முடிவு அலையைவிட ஆபத்தானது.

ஆகவே பாய்மரக்காரர்கள் காற்று பலத்த பிறகு பாயைச் சுருக்குவதில்லை. பலக்கப்போகிறது என்று தோன்றியதுமே சுருக்கிவிடுவார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். முழுப் பாயோடு அகப்பட்டுக்கொண்டால், சாய்ந்து ஆடும் தளத்தில் இருட்டில் அதை இறக்குவது இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை. காற்றழுத்தமானியின் அளவு, செயற்கைக்கோள் வழி வரும் வானிலை அறிக்கை, மேகத்தின் நிறம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூமத்திய ரேகைப் பகுதியில் தொல்லை வேறு மாதிரி. அங்கே மணிக்கணக்கில் காற்றே இராது. பாய் துவண்டு தொங்கும். திடீரென்று ஒரு கருமேகம் வந்து அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். மலாக்கா நீரிணையில் விடியற்காலை வந்து கூரையைத் தூக்கும் 'சுமாத்ரா' காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெற்கே 40 பாகைக்குக் கீழ் போனால் கதையே மாறுகிறது. அங்கே காற்றைத் தடுக்க நிலமே அதிகம் இல்லை. மேற்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். தாழ்வு நெருங்கும்போது காற்று வடமேற்கிலிருந்து வீசும், அழுத்தம் குறையும். அது கடந்ததும் காற்று சட்டென்று தென்மேற்குக்குத் தாவி, அண்டார்டிக் குளிரோடு வீசும். சிக்கல் அங்கேதான். காற்று நிமிடத்தில் திசை மாறினாலும், பழைய அலை பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் குறுக்கே புது அலை வந்து மோதும்போது, நடுவில் மாட்டிய படகு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கிழக்குக் காற்றைக் கொண்டல், மேற்குக் காற்றைக் கோடை, வடக்கை வாடை, தெற்கைத் தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்த தமிழில், இப்படித் தாவும் காற்றுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கலாம்.

நியூசிலாந்திலிருந்து ஃபால்க்லாந்து தீவுகள் வரையிலான கட்டமே மிகக் கடினமானது. மூன்று புயல்களை அங்கே எதிர்கொண்டனர். காற்று மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. வழியில், 2025 ஜனவரிக் கடைசியில், 'நீமோ முனை'யைக் கடந்தனர். அருகிலுள்ள நிலமே 2,600 கிலோமீட்டருக்கு அப்பால். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது, மற்ற மனிதர்களில் மிக அருகில் இருப்பவர்கள் அதில் இருப்பவர்கள்தாம். உதவிக்குக் கூப்பிட்டால் கப்பல் வந்துசேரப் பல நாளாகும். அந்த இடத்திலும் ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரி எடுத்து வைத்தார்கள்.

தென் அமெரிக்காவின் ஹார்ன் முனைக்கும் அண்டார்டிகாவுக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலம். தென் பசிபிக்கின் காற்றும் அலையும் அந்த வழியில் நெருக்கிக்கொண்டு நுழைகின்றன. அடிக்கடலும் அங்கே மேலேறுவதால் அலை செங்குத்தாக எழும்புகிறது. கோடைக்காலமான பிப்ரவரியில் அதைக் கடக்கும்படி புறப்பாட்டு நாளை வகுத்தது தற்செயல் அல்ல.

திரும்பும் நாளையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை கோவாவை எட்டுவது வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில். மே மாதத்திற்குள் கரை சேர்ந்துவிட்டால் அதில் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் 2025இல் பருவமழை முந்திக்கொண்டது. மே 24-ஆம் தேதியே கேரளாவில் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து தாரிணி கோவா வந்தபோது, அங்கே மழைக்காலம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.