மூளைக்குள் ஊசி போகும் வழி

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆசைதானே? வாங்க! இன்றைக்கு ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி. மூளையின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் கட்டியிலிருந்து துணுக்குத் திசு எடுத்து, அது என்ன ஜாதி என்று கண்டுபிடிக்கிற வேலை.

முதல் ஆச்சரியம்: நோயாளி பல சமயம் விழித்தே இருப்பார்! மூளைக்கு வலி தெரியாது. தோலை மரத்துப்போகச் செய்தால் போதும். தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டம், திருகுகளால் மண்டையோட்டைக் கவ்வியபடி. அதோடு சி.டி. ஸ்கேன் எடுத்தால் கட்டியின் இடம் மூன்று எண்களாகிவிடும். ஆமாம், பள்ளியில் நாம் திட்டித் தீர்த்த அதே ஆயத்தொலைவுகள்!

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு வெளியே நின்றபடி, ஏழு பிராகாரங்களுக்கு உள்ளே ஒரே ஒரு தூணைக் குறிபார்ப்பதுபோல. நடுவில் ரத்தக்குழாய் எதிலும் பட்டுவிடக் கூடாது. எலும்பில் சிறு துளை. சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள ஊசி, நுனியருகே பக்கவாட்டில் ஒரு சன்னல். உள்குழாயைத் திருப்பினால் திசு நறுக்கென்று வெட்டுப்படும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். திசுவை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். பெயரே 'ஸ்குவாஷ்'! சரியான இடத்துத் திசுதானா என்று தெரியும்வரை சர்ஜன் காத்திருப்பார்.

1947இல் பிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் மனிதர்களுக்குக் கொண்டுவந்தது இந்த ஸ்டீரியோடாக்டிக் முறை. சி.டி. ஸ்கேன் பிறக்காத 1960களிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா மூவரும் எக்ஸ்ரே படங்களை நம்பியே ஸ்டீரியோடாக்டிக் அறுவை செய்தார்கள். துணிச்சல்!

ஆனால் உண்மையான துப்பறியும் கதை வேலூரில். 1980களில் வலிப்போடு வந்தவர்களின் ஸ்கேனில் குட்டிப் புள்ளி தெரிந்தால், காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது வழக்கம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளையே எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் உள்ளே இருந்தது காசநோய் அல்ல, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம்! 1989இல் 'லான்செட்' இதழில் சேதி வெளியானது.

பன்றிக்கறி தின்றால்தானே வரும் என்கிறீர்களா? இல்லை. புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீர், காய்கறி வழியே வயிற்றுக்குள் போனால் போதும். வெங்காயம்கூடத் தொடாத ஸ்ரீரங்கத்து மாமிக்கும் வரலாம்.

அந்த வேலூர் ஆராய்ச்சியின் பலன், 20 மி.மீ.க்கும் குறைவான ஒற்றைப் புள்ளி, மூளையில் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இல்லை, வேறு உறுப்பில் நோய் இல்லை என்றால், பெரும்பாலும் இன்று ஊசியே வேண்டாம். வலிப்பு மாத்திரையோடு காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள்.

பெரிய கட்டி, வளரும் கட்டி என்றால் கதை வேறு. கிளையோமா, லிம்ஃபோமா, சீழ்க்கட்டி எல்லாம் படத்தில் ஒன்றுபோல ஏமாற்றும். மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. ரத்தக்கசிவு அபாயம் கொஞ்சம் உண்டுதான், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்: லிம்ஃபோமா சுருங்கிவிட்டால், எடுத்த திசுவிலும் விடை கிடைக்காமல் போகலாம்.