புகையை எரிக்கும் அடுப்பு

விறகு எரிகின்றது என்று நாம் சொல்லும்பொழுது, சுவாலையாய் எரிவது பெரும்பாலும் விறகிலிருந்து கிளம்பும் ஆவியேயாகும். சூடேறிய மரம் பலவகை வாயுக்களையும் தார்த் துளிகளையும் வெளிவிடுகின்றது. அவை எரிந்தாற் சுவாலை. எரியாது தப்பினாற் புகை. ஆகவே புகை என்பது வீணாய்ப் போன விறகு. ஈரவிறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

புகை தானாகத் தீப்பற்ற ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், வீட்டைச் சூடாக்குவதற்கென இரும்படுப்பிலே விறகு நிரப்பி, காற்றைக் குறைத்து, இரவு முழுவதும் மெல்ல எரியவிடுவர். அவ்வாறு தணிந்தெரியும் அடுப்பின் மேற்பகுதியில் அத்துணை வெப்பம் இராது. இங்கேதான் பிளாற்றினம் என்னும் உலோகம் துணைக்கு வருகின்றது. சூடாக்கிய பிளாற்றினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால், சுவாலையின்றியே அது செந்நிறமாய் ஒளிர்வதை 1817 ஆம் ஆண்டில் ஹம்பிறி டேவி என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். வாயு எரிந்தது, கம்பியோ மாறாதிருந்தது. இத்தகைய செயலுக்கு 1835 இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியஸ். அவ்வாறு செயற்படும் பொருளையே நம் பாடநூல்கள் ஊக்கி என்கின்றன.

1980 களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வூக்கி விறகடுப்பினுட் புகுந்தது. தேன்கூடு போன்ற கண்களையுடைய ஒரு களிமட் கட்டி. அக்கண்களின் சுவர்களில் பிளாற்றினம் அல்லது பல்லேடியம் மிக மெல்லிதாய்ப் பூசப்பட்டிருக்கும். புகை இக்கூட்டினூடே செல்கையில் 260 பாகையளவிலேயே எரியத் தொடங்குகின்றது. கூட்டுக்குச் செல்லாது புகைபோக்கிக்கு நேரே செல்லும் மாற்றுவழி ஒன்றும், அதற்கொரு மூடியும் உண்டு. நெருப்பு மூட்டும்போதும் கதவைத் திறக்கும்போதும் மூடியைத் திறத்தல் வேண்டும். அடுப்புச் சூடேறியதும் மூடிவிடல் வேண்டும்.

இக்கூடு பழுதுறுவதற்கு வழிகள் பல. நிறந்தீட்டிய பலகை, வண்ணக் கடதாசி, நிலக்கரி ஆகியவற்றை எரித்தால், அவற்றிலுள்ள ஈயமும் கந்தகமும் போன்றவை பூச்சின்மேற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். கொதிக்கும் கூட்டின்கீழே ஈரவிறகைத் திணித்தால், சூடான கண்ணாடியிற் குளிர்நீர் பட்டாற்போல அது வெடிக்கும். சாம்பல் கண்களை அடைத்துக்கொள்வதும் உண்டு. சாம்பலாயின், அடுப்பு நன்கு ஆறியபின் மென்றூரிகையால் நீக்கிவிடலாம்; கூரிய கருவி கொண்டு குத்துதல் ஆகாது. எவ்வளவு பேணினும் 10,000 மணித்தியால அளவில் அதன் வலு குன்றிவிடும் என்பது பொதுவான கணக்கு.

கூடு கெட்டாலும் அடுப்பு அணைந்துவிடுவதில்லை என்பதே இதிலுள்ள பெரும் பொல்லாங்கு. நெருப்புத் தெரிகின்றது, அறையும் ஓரளவு சூடாயிருக்கின்றது. வீட்டுக்காரர் ஐயுறுவதற்கு இடமில்லை. அதற்கிடையில் எரியாத புகை புகைபோக்கியினுட் குளிர்ந்து, கிரியசோற் எனப்படும் கருந்தாராய்ப் படிகின்றது. ஒருநாள் அத்தார் தீப்பற்றினால் வீடே எரியக்கூடும். கண்கள் அடைபட்டிருந்தாலோ, மணமும் நிறமுமற்ற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுப் புகையோடு கலந்து அறைக்குள்ளேயே திரும்பும்.

அப்படியாயின், மாற்றுவழியைத் திறந்து வைத்துக்கொண்டே எரித்தாலென்ன என்று சிலர் கேட்பர். வெப்பம் அறைக்கு வாராது புகைபோக்கிவழியே ஓடிவிடும். நீடித்தால் அக்குழாயும் அளவுமீறிச் சூடேறும். புகையும் எரியாமலே வெளியேறும். இதனை நான் பரிகாரமென்று கொள்ளேன். ஊக்கியைக் கழற்றியோ செயலிழந்த நிலையிலோ அடுப்பை எரிப்பது நாட்டுச் சட்டத்துக்கு மாறு என்னும் எச்சரிக்கை, அமெரிக்காவில் விற்கப்படும் இவ்வகை அடுப்புகளோடு வருகின்றது. அந்நாட்டில் விறகடுப்புப் புகைக்கு 1988 இல் வரம்பு விதிக்கப்பட்டது. 2020 முதல் அது மணிக்கு 2 கிராம் அளவாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் இவ்வளவு நுண்மையான வரம்பு புத்தடுப்பின் சோதனைக்கே உரியது. பத்தாண்டு கழிந்த கூட்டை எவர் சென்று அளப்பர்?

அலாஸ்காவிலுள்ள ஃபேர்பாங்ஸ் நகரிலே இதன் விளைவைக் காணலாம். மாரியிற் குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் இறங்குவதுண்டு. குன்றுகள் சூழ்ந்த அந்நகரில் குளிர்காற்று அடியிலும் வெப்பக்காற்று மேலேயும் நிற்க, புகை மேலெழ வழியின்றி வீடுகளிடையே தங்கிவிடும். நுண்டுகள்களால் மாசுற்ற பகுதியென 2009 இல் அது அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டின் கெட்ட கூடு அயல்வீட்டுக் குழந்தையின் நெஞ்சிற் போய் உறைகின்றது. எனினும் அக்குளிரில் விறகை நம்பி வாழ்வோரை அடுப்பை அணையென்று சொல்வதும் எளிதன்று.

கூடு செந்தணலாய் ஒளிராவிட்டால் கெட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, தணிந்த நெருப்பில் நல்ல கூடும் ஒளிராது. கூட்டின் வெப்பமானியைப் பார்த்தல் நன்று. வெளியே சென்று புகைபோக்கியை நோக்குதல் அதனினும் எளிது. மூடியைச் சாத்தி அரைமணி கழிந்தபின், வெண்ணிற நீராவி மட்டும் எழுந்து சிறிது தூரத்தில் மறைந்தால் கூடு தன் தொழிலைச் செய்கின்றது. நீலமோ சாம்பலோ கலந்த புகை நெடுந்தூரம் கலையாது இழுபட்டுச் சென்றால், அடுப்பை ஆறவிட்டுக் கூட்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.