நாலு திசைக்கும் நாலே இடம்

தெக்கத்தி ஆடுகளம் – 11

ராதாபுரம் தொகுதிக்காரர்களுக்கு மயிரிழைத் தோல்வி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்தவை 49 வாக்குகள். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி, தபால் வாக்குகளைத் திரும்ப எண்ணுவது வரை போனது. கல்லூரிக் கால்பந்தில் அந்த வசதி கிடையாது. நாக்-அவுட் ஆட்டத்தில் ஒரு கோல் குறைந்தால் அன்று சாயங்காலமே பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். நம்மைத் தோற்கடித்த அணி கடைசியில் கோப்பையையே தூக்கினாலும், முதல் சுற்றில் அதனிடம் ஒரு கோலில் தோற்ற நமக்குக் கணக்கில் பூஜ்யம்தான்.

ஓர் அணி எத்தனை ஆட்டம் வென்றது என்று எல்லோரும் கேட்கிறோம். யாரோடு மோதி வென்றது, யாரிடம் தோற்றது என்று கேட்பதில்லை. இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

சென்ற வாரம் தேரிக்காட்டு வாலிபாலைப் பார்த்தோம். அங்கிருந்து கிழக்கே, தெற்கே கடற்கரைக்கு இறங்கினால் ஆட்டம் மாறிவிடும். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று வரிசையாக வருகிற ஊர்களில் பையன்கள் மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்கிறவர்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்று காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில், உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே போய் விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. தரையோடு தரையாகப் பாஸ் போடுகிறவன்தான் பிழைப்பான். மணலில் ஓடிப் பழகிய கால் புல்தரைக்கு வந்தால் பறக்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல ஆட்டக்காரனை உருவாக்கிவிடும். அவனுக்குச் சிக்கல் வருவது பிளஸ் டூ முடித்த பிறகு.

"எந்தக் காலேஜ்ல போட்டா பய டீம்ல வருவான்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி சின்னதுதான், பதில் சிக்கலானது.

ராதாபுரத்திலிருந்து இரண்டு பாதைகள். வள்ளியூர் வழியாக வடக்கே போனால் பாளையங்கோட்டை. 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அதற்கும் மூத்த தூய யோவான் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி எல்லாம் அங்கே. மேற்கே திரும்பினால் நாகர்கோவில். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, பயோனியர் குமாரசுவாமி கல்லூரி. இன்னும் மேற்கே மார்த்தாண்டம், தூத்தூர். பாதை இரண்டானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இந்தக் கல்லூரிகள் எல்லாம் 1990-இல் பிறந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய மாவட்டங்களின் கல்லூரி அணிகள் இன்டர்-காலேஜியேட்டில் மோதும். அதில் கண்ணில் பட்டவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இங்கேதான் குமரி மேற்குக் கடற்கரை குறுக்கே வந்து நிற்கிறது. கேரள எல்லையை ஒட்டிய தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஆகிய ஊர்களில் கால்பந்து கிட்டத்தட்ட இரண்டாவது தொழில். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடி, 2018-இல் ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்து, 2019-20-இல் கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தார். சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். அந்தப் பக்கத்துப் பையன்கள் பள்ளியில் படிக்கும்போதே ஊர் கிளப்புக்காகப் பெரியவர்களோடு மோதி அடிபட்டுத் தேறியவர்கள். அவர்கள் சேருகிற கல்லூரி அணி எதுவானாலும் அதில் இடம் பிடிப்பது லேசான காரியமில்லை.

ஆக, கூத்தங்குழிப் பையன் பலமான கல்லூரியில் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார நேரலாம். பலவீனமான கல்லூரியில் சேர்ந்தால் முதல் நாளே பதினொருவரில் ஒருவன், ஏன், கேப்டனே ஆகலாம். ஆனால் அந்த அணி முதல் சுற்றிலேயே ஒரு பலசாலியிடம் மாட்டி வெளியே வந்துவிடும். தேர்வாளர் பார்ப்பது அந்த ஒரே ஓர் ஆட்டம். அன்றைக்கு எதிரணி கோல்போஸ்ட் பக்கமே பந்து போகவில்லை என்றால், ஃபார்வர்டு ஆடுகிற பையனை யார் பார்ப்பது? பலவீனமான அணியின் கோல்கீப்பர் மட்டும் இதில் பாக்கியசாலி. அவனுக்கு அன்று முழுக்க வேலை இருக்கும், எல்லோர் கண்ணிலும் படுவான். நான் சும்மா சொல்லவில்லை, பல்கலைக்கழக அணிக்குக் கோல்கீப்பர் ஆக வேண்டும் என்றால் தோற்கிற கல்லூரியில் சேர்வதே புத்தி.

இதையெல்லாம் தாண்டிப் பல்கலைக்கழக அணியின் சட்டையைப் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து தெற்கு மண்டலம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் நாக்-அவுட் நடத்தி, கடைசியாக மிஞ்சுகிற நான்கு அணிகளை அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். நான்கு நான்காகப் பதினாறு. அந்தப் பதினாறில் வெல்கிறவர்களுக்குத்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரில் உள்ள கோப்பை. திசைக்கு நான்கு இடம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பங்காளிகளுக்குச் சொத்தைச் சரிசமமாகப் பிரித்தது போல. எந்தப் பங்காளி வீட்டில் எத்தனை வாய் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தெற்கு மண்டலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அடக்கம். கேரளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய கேரளப் பல்கலைக்கழகம், 1968-இல் வந்த கோழிக்கோடு, 1983-இல் வந்த மகாத்மா காந்தி, 1996-இல் வந்த கண்ணூர் என்று நான்கு பெரிய பல்கலைக்கழகங்கள். நான்கிலும் கால்பந்து உண்டு. கோழிக்கோடு அகில இந்தியக் கோப்பையைப் பலமுறை வென்ற அணி. அதன் பின்னால் மலப்புறத்து வயல்வெளிகளில் ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் செவன்ஸ் ஆட்டங்கள் இருக்கின்றன. ஃபாரூக் கல்லூரி, திருச்சூர் கேரள வர்மா, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் போன்ற கல்லூரிகளின் பல பத்தாண்டுப் பழக்கம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கை, கிரேஸ் மார்க் என்று ஓர் ஏற்பாடே இருக்கிறது. இந்த நான்கு அணிகளும் ஒரு வருஷம் நன்றாக ஆடிவிட்டால் தெற்கின் நான்கு இடங்களும் தீர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகம், விளையாட்டு வீரர்களுக்குக் கட்டணச் சலுகை கொடுத்துச் சேர்க்கும் எஸ்.ஆர்.எம்., பெங்களூரு ஜெயின், நம்ம நெல்லைப் பல்கலைக்கழகம் எல்லாம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஆகவே தெற்கு மண்டலக் கால் இறுதியில் தோற்ற அணி, வேறொரு மண்டலத்தில் மூன்றாவதாக வந்து தகுதி பெற்ற அணியைவிடப் பலமானதாக இருக்கலாம். இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பஞ்சாப் இருக்கிற வடக்கையும், வங்காளமும் மணிப்பூரும் இருக்கிற கிழக்கையும் லேசாக எடைபோட்டுவிட முடியாது. இருக்கிறதா இல்லையா என்று அளந்து பார்க்க இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதுதான் என் புகார்.

அமெரிக்காவில் அதை அளக்கிறார்கள். அங்கே 'ஃபுட்பால்' என்பது கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி முட்டுகிற வேறோர் ஆட்டம். ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. பிரிவு மூன்று என்று சின்னக் கல்லூரிகளுக்காகத் தனி அடுக்கு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. அப்படியும் சுமார் 240 அணிகள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்து, தங்களுக்குள் லீக் ஆடுகின்றன. கூட்டணியில் முதலிடம் பிடித்தால் தேசிய நாக்-அவுட்டுக்கு நேரடி இடம். 1973-இல் இந்த நாக்-அவுட் தொடங்கியது. நீண்ட காலம் 32 அணிகள், 2024 முதல் 40 அணிகள்.

சண்டை எங்கே வரும் என்றால், மீதமுள்ள சில இடங்களுக்கு. விஸ்கான்சின் மாநில அரசுக் கல்லூரிகளின் கூட்டணி மிகக் கடினமானது என்று பெயர் பெற்றது. அதில் ஓரிரு ஆட்டம் தோற்று இரண்டாவதாக வந்த அணி, லேசான கூட்டணியில் ஒன்றுகூடத் தோற்காத அணியைவிட மேலானதா? பல பத்தாண்டுகளாக அங்கே ரசிகர்கள் மல்லுக்கட்டிய கேள்வி இது. கடைசியில் 2024-இல் ஒரு குறியீட்டு எண்ணைக் கொண்டுவந்தார்கள். வென்றாயா என்பதோடு யாரை வென்றாய் என்பதையும் சேர்த்து அந்த எண் கணக்கிடும். பலமான அணியை வென்றால் கூடுதல் மதிப்பு. நோஞ்சான் அணிகளாகப் பார்த்து ஆட்டம் போட்டு எண்ணிக்கையை ஏற்றுகிற வித்தை அதில் பலிக்காது.

கூட்டணியின் பலம் மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒஹையோ மாநிலத்து மவுண்ட் யூனியன் என்ற சின்னக் கல்லூரி, தன் கூட்டணியில் நிகரான எதிரி அதிகம் இல்லாமலேயே 13 முறை தேசியக் கோப்பை வென்றது. 2005 முதல் 2014 வரையிலான பத்து இறுதி ஆட்டங்களில் ஒன்பதில் அதனோடு மோதியது விஸ்கான்சின் கூட்டணியின் ஒயிட்வாட்டர். லேசான ஊரில் வளர்ந்த பலசாலியும் கடினமான ஊரில் வளர்ந்த பலசாலியும் ஒன்பது முறை நேருக்கு நேர் நின்றார்கள். இத்தனை தடவை மோதினால்தான் யார் எப்படி என்று தெரியும்.

நம் ஊரில் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், விளையாட்டுதானே என்று தோன்றலாம். கடலுக்குப் போகிற குடும்பத்தில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே 'ஃபார்ம் த்ரீ' என்ற சொல் பெண்களுக்கும் தெரியும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்குக் கிடைக்கும் சான்றிதழ் அது. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 1980-இலிருந்து செல்லுபடியாகும் படிவம். மாநில அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை என்று சென்னை லீக்கில் ஆடுகிற அணிகள் ஆள் எடுக்கும்போதும் எந்த மட்டத்தில் ஆடினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். 25 வயதைத் தாண்டிவிட்டால் பல்கலைக்கழகப் போட்டியில் இடமில்லை. ஒரு பையனுக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் சில சீசன்கள். அவற்றில் ஒன்றைக் குலுக்கல் சீட்டு தின்றுவிட்டால் திருப்பித் தர ஆள் கிடையாது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அகில இந்தியப் போட்டியின் பதினாறு இடங்களில் மண்டலத்துக்கு இரண்டு என்று எட்டை நிலையாக வைத்துக்கொள்ளட்டும். மற்ற எட்டை, முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த மண்டலத்து அணிகள் அகில இந்தியச் சுற்றில் எவ்வளவு தூரம் போயின என்று பார்த்துப் பிரிக்கட்டும். தெற்கு பலமானது என்ற என் எண்ணம் தப்பாக இருந்தால் அந்தக் கணக்கே என்னைத் தப்பு என்று காட்டிவிடும். பின்தங்கிய மண்டலத்துக்கு இடம் குறைந்தால் அங்கே ஆட்டம் வளராது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் நிலையான இரண்டில் கை வைக்கச் சொல்லவில்லை.

நெல்லையில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. நாக்-அவுட்டுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளைக் குழுவாகச் சேர்த்து ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று லீக் ஆட்டம் கொடுக்கலாம். பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது, கல்லூரிகளிடம் சொந்தக் கிரவுண்டுகள் இருக்கின்றன. போக்குவரத்துச் செலவு கூடும், பிசிக்கல் டைரக்டர்களுக்கு வேலை கூடும். மூன்று ஆட்டம் பார்த்து எடுத்த அணி, ஓர் ஆட்டம் பார்த்து எடுத்த அணியைவிட நிச்சயம் தேறும். கேரளத்தோடு மோதப் போகிறவர்களுக்கு அவ்வளவாவது வேண்டும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். உங்கள் வீட்டில் பந்து ஆடுகிற பையனோ பெண்ணோ இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறார்கள் என்றால், விண்ணப்பம் வாங்கப் போகும்போது ஹாஸ்டலையும் கட்டணத்தையும் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கிரவுண்டுக்கும் போய் பி.டி. சாரைப் பார்த்து, போன சீசனில் உங்கள் டீம் எத்தனை ஆட்டம் ஆடியது, யார் யாரோடு ஆடியது என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

(தொடரும்)