கதவு, ஃபேன் சத்தம், டீக்கடை வாசனை... பார்வையற்றவர்கள் மனதில் ‘மேப்’ உருவாவது எப்படி?

நள்ளிரவில் கரன்ட் போய்விட்டது. செல்போனை எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. ஆனாலும் பீரோவில் இடித்துக்கொள்ளாமல் சமையலறைக்குப் போய் தீப்பெட்டியை எடுத்துவிடுவீர்கள். ஏனென்றால், வீட்டின் ‘மேப்’ உங்கள் மனதில் இருக்கிறது. அதே இருட்டில், இதுவரை போகாத ஒரு கட்டடத்தில் விட்டால்? பார்வை மாற்றுத்திறனாளிகள் அப்படிப்பட்ட புதிய இடங்களைத்தான் படித்துப் படித்து மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

முதலில் சுவர், பிறகு நடுப்பகுதி

புதிய அறையில் கதவுதான் தொடக்கப்புள்ளி. அங்கிருந்து புறங்கையால் சுவரை லேசாகத் தொட்டபடி ஒரு சுற்று வருவார்கள். ஜன்னல், அலமாரி, ஸ்விட்ச் போர்டு என எல்லாம் வரிசையாக மனதில் பதியும். மறுபடி கதவுக்கு வந்து சேரும்போது அறையின் அளவும் வடிவமும் பிடிபட்டிருக்கும். அடுத்து, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே நடந்தால், நடுவில் கிடக்கும் மேஜை, நாற்காலிகள் தெரியவரும். நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தரப்படும் அடிப்படை முறை இது.

தெருவில் அடையாளங்கள்தான் துணை. டீக்கடை வாசனை, மாவு மில் சத்தம், தார் ரோடு முடிந்து சிமென்ட் தளம் தொடங்கும் இடம், சந்து திரும்பும்போது முகத்தில் படும் காற்று... ‘இதற்குப் பிறகு இது’ என்ற வரிசையாகத்தான் முதலில் பாதை பதிகிறது. பல வழிகளில் நடந்து பழகிய பிறகு, தனித்தனி வரிசைகள் ஒன்றுசேர்ந்து முழு மேப் ஆகின்றன. அதன் பிறகு, வழக்கமான வழியில் பள்ளம் தோண்டியிருந்தாலும் வேறு சந்து வழியாகச் சுற்றிப் போகலாம்.

உணர்வது முகமா, காதா?

தொடுவதற்கு முன்பே ‘எதிரே ஏதோ இருக்கிறது’ என்று உணர்ந்து பார்வையற்றவர்கள் பலர் நின்றுவிடுவார்கள். முகத்தின் தோல்தான் இதை உணர்கிறது என்று முன்பு நம்பினார்கள். 1940-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பாவே பார்வையற்றவர். முகத்தை மூடியபோதும் சோதனையில் பங்கேற்றவர்கள் தடையைக் கண்டுபிடித்தார்கள். காதை அடைத்ததும் மோதிக்கொண்டார்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் ரகசியம்!

இதையே ஒரு கலையாக வளர்த்தவர் அமெரிக்காவின் டேனியல் கிஷ். புற்றுநோயால் 13 மாதக் குழந்தையாக இருக்கும்போதே இரு கண்களையும் இழந்தவர். நாக்கைச் சொடுக்கி, திரும்பிவரும் எதிரொலியைக் கேட்டு சைக்கிளே ஓட்டுகிறார். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி எதிரொலியில் தேர்ந்த பார்வையற்றவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். எதிரொலியைக் கேட்டபோது, பார்வைக்கான பகுதி இயங்கியது தெரிந்தது.

மேப்பைக் கலைப்பது யார்?

மெட்ரோ ஸ்டேஷன்களிலும் நடைபாதைகளிலும் மேடுகள் வைத்த டைல்ஸ் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல. நீளக் கோடு என்றால் ‘நேராகப் போகலாம்’. புள்ளி என்றால் ‘நில், கவனி’. ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கியது இது. 1967 மார்ச் 18-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டது.

அந்தக் கோட்டின் மேல் நாம் பைக்கை நிறுத்தினால், நமக்கு அது இரண்டு நிமிட பார்க்கிங். அதை நம்பி நடப்பவருக்கோ, பாதை அங்கேயே அறுந்துபோகிறது. அலுவலகத்தில் சொல்லாமல் நாற்காலியை இடம் மாற்றுவதும், கதவைப் பாதி திறந்து வைப்பதும் இதே ரகம்தான்.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. வழி கேட்டால் ‘அதோ அங்கே’ என்று கை காட்டாமல், ‘உங்கள் வலதுபக்கம் பத்தடி, பிறகு இரண்டு படி’ என்று சொல்லுங்கள். உதவ நினைத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் கேளுங்கள். ‘சரி’ என்றால் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அரை அடி முன்னால் நடங்கள். பொருளை இடம் மாற்றினால், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மனதில் இருக்கும் மேப்பை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.