பஸ்ஸா, ஜீப்பா? எல்லை மலைகளுக்குப் புறப்படும் முன்

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம். மூணாறும் தேக்கடியும் இடுக்கி மாவட்டம். பெயருக்குக் கேரளம் என்றாலும் பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம் பக்கத்து ஆட்களுக்கு இவை கூப்பிடு தூரத்து மலைகள். போய் இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே குழப்பம் வருகிறது. அரசு நடத்தும் சுற்றுலா பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதா, வீட்டு ஆட்கள் மட்டும் ஏறிக்கொள்ள ஜீப் பேசுவதா?

எல்லா இடத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. அதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வரையாடு பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள் என்றால், எந்த வண்டியில் போனாலும் நுழைவாயிலில் இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கிருந்து மேலே ராஜமலைக்கு வனத்துறை பஸ்தான். “இரவிகுளம் காட்டுகிறேன்” என்று ஜீப்காரர் சொன்னால் வாசல் வரை என்று பொருள். டிக்கெட் செலவு தனி. வரையாடு குட்டி போடும் காலத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கொழுக்குமலை இதற்கு நேர்மாறு. தேயிலைத் தோட்டம் இருப்பது நம் தேனி மாவட்டத்தில். வண்டி ஏறும் பாதையோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் பஸ்ஸும் போகாது, உங்கள் காரும் போகாது. ஜீப் ஒன்றே வழி. சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் விடியலுக்கு வெகு முன்பே கிளம்ப வேண்டும். எனவே முந்தைய இரவே சூரியநெல்லிப் பக்கம் தங்கிவிடுவது நல்லது.

பரம்பிக்குளத்தில் எப்படி?

இது பாலக்காட்டில் இருந்தாலும் சாலை வழி தமிழ்நாடு வழியாகத்தான். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் கடந்து ஆனைப்பாடி சோதனைச்சாவடிக்கு வர வேண்டும். இரண்டு மாநில வனத்துறைகள் என்பதால் கட்டணமும் இரண்டு இடத்தில். ஆனைப்பாடியில் வனத்துறை ஏற்பாட்டில் சபாரி வண்டி ஓடுகிறது. அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி வழிகாட்டிகள் உடன் வருவார்கள். கன்னிமாரா தேக்கும் அணைகளும் அந்தச் சுற்றிலேயே வந்துவிடும்.

இங்கே என் ஆலோசனை, சபாரி வண்டி. தனியாகக் கார் பேசிப் போனாலும் வழிகாட்டி சொல்லும் பாதையில்தான் போக முடியும். நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கூடுதல் காசு கொடுத்தும் கூடுதல் சுதந்திரம் கிடைக்காத இடம் இது.

பரம்பிக்குளம் பார்த்துவிட்டு அப்படியே மூணாறு போகலாமா?

வரைபடத்தில் இரண்டும் ஒட்டியிருப்பதுபோல் தெரியும். இடையில் இருப்பது காடு. வந்த வழியே பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் மலை ஏற வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் காட்டுவதாக யாராவது சொன்னால், இரண்டையும் சரியாகக் காட்டப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாறில் பஸ் சுற்றுலா எப்படி இருக்கும்?

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மூணாறு பணிமனையிலிருந்து சுற்றுலா பஸ்கள் கிளம்புகின்றன. 2025 பிப்ரவரியில் கண்ணாடிச் சுவர் வைத்த இரண்டடுக்கு பஸ் ஒன்றும் வந்தது. தொடங்கியபோது மேல்தளத்துக்கு 400 ரூபாய், கீழ்த்தளத்துக்கு 200 ரூபாய். கட்டணம் மாறியிருக்கலாம், பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் பேரம் இல்லை. போகும் இடமும் திரும்பும் நேரமும் முன்பே தெரியும். கமிஷனுக்காக மசாலாக் கடை, சாக்லேட் கடை என்று நிறுத்த மாட்டார்கள். குறை என்னவென்றால், குழந்தை வாந்தி எடுத்தாலும், பாட்டிக்கு முழங்கால் வலித்தாலும், பஸ் தன் நேரத்துக்குத்தான் நகரும். பிடித்த இடத்தில் இன்னும் பத்து நிமிடம் நிற்க முடியாது.

ஜீப் எப்போது கட்டுப்படியாகும்?

கணக்குக்காக ஒரு ஜீப் வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஏறினால் தலைக்கு 500. இரண்டு பேர் என்றால் தலைக்கு 1,500. ஆகவே தனி வண்டி என்பது நாலு பேருக்குக் குறையாத குடும்பத்துக்கே கட்டுப்படியாகும். ஊரிலிருந்தே வாடகைக் கார் எடுத்துப் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் 120 கிலோமீட்டர் ஓடினாலும், நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். டிரைவர் பேட்டா, கேரள பர்மிட், பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல்.

தாமதமானால் நஷ்டம் யாருக்கு?

இதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. கொச்சி போன்ற துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த கரைச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகக் கார் பேசிப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும்.

நமக்குக் கப்பல் இல்லை. வனத்துறை கேட் இருக்கிறது. விடுமுறை நாளில் மூணாறு சாலையில் வண்டிகள் மாட்டிக்கொண்டு, இரவிகுளத்துக்கு முன்பதிவு செய்த நேரம் தவறினால், ஜீப் வாடகையும் போகும், டிக்கெட்டும் போகலாம். எனவே நேரம் குறித்த டிக்கெட் எதுவானாலும் காலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

அரசு வண்டி என்றால் பயமே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். படகில் உயிர்காக்கும் சட்டையைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள். யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள்.

தனி வண்டியில் பார்க்க வேண்டியது எண் பலகை. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. வெள்ளைப் பலகை என்றால் சொந்தப் பயன்பாட்டு வண்டி (ஓன் போர்டு). அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க அதுவே போதும். சில நூறு ரூபாய் குறைகிறது என்று அதில் ஏறாதீர்கள்.

ஜீப் பேசும்போது என்னென்ன கேட்கலாம்?

எந்தெந்த இடம், மொத்தம் எத்தனை மணி நேரம், வாடகையில் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, எத்தனை பேர் ஏறலாம், நடுவில் கடைகளில் நிறுத்துவார்களா, மழையாலோ மூடப்பட்டதாலோ ஓரிடம் விட்டுப்போனால் தொகை குறையுமா. இந்த ஆறையும் ஏறுவதற்கு முன் கேளுங்கள். பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் அவருக்கே ஒரு வரி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது வரும் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, எதைத்தான் எடுப்பது?

ஓரிருவர், முதல்முறை, செலவு கைக்குள் இருக்க வேண்டும்: பஸ். வயதானவர்கள், கைக்குழந்தை, நாலு பேருக்குக் குறையாத குடும்பம்: மஞ்சள் பலகை ஜீப் அல்லது கார். காட்டுக்குள் என்றால் வனத்துறை வண்டி. கொழுக்குமலைக்கு ஜீப். எதில் போனாலும் கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை, போகிற இடம் திறந்திருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.