செங்காந்தட் பயிரும் மகரந்தச் சேர்க்கையும்

கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் வழங்கும் செங்காந்தள், இந்நாட்டிற்குரிய பல்லாண்டுக் கொடியாகும். மழைக்காலத்தில் கிழங்கினின்று முளைத்து, இலை நுனியிலுள்ள பற்றுச்சுருளால் பல அடி உயரம் ஏறிப் பூக்கும். காய் முதிர்ந்தபின் தண்டு மடியும். கிழங்கு அடுத்த பருவத்தில் மீண்டும் தழைக்கும். இதன் விதையிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்திற்குப் பயன்படுவதால், திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் குடியானவர்கள் இதனை விதைக்காகவே பயிரிடுகின்றனர்.

நிலமும் நடவும்:— நீர் தேங்காத செம்மண் நிலம் ஏற்றது. ஈரம் மிகுந்தால் கிழங்கு அழுகும். ஜூன், ஜூலை மாதங்களில் நடுதல் வழக்கம். கிழங்கின் இரு கிளைகளிலும் நுனியில் ஒவ்வொரு முளையே உள்ளது. அது முறிந்தால் அக்கிளை பயன்படாது. ஆதலின் ஜாக்கிரதையாகக் கையாளவேண்டும். கொடி படர்வதற்கு முட்கிளுவைக் கொம்புகளையேனும் கம்பியையேனும் நாட்டுதல் வேண்டும்.

மகரந்தச் சேர்க்கை:— கொடி செழித்துப் பூத்தும் காய் பிடிக்காமை பலர் காணும் குறையாகும். இம்மலரின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் வளைந்து, மகரந்தப் பைகளினின்று விலகி நிற்பதே இதற்குக் காரணம். வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் தேனுக்காக வந்து இரண்டையும் தீண்டினாலன்றி மகரந்தம் எளிதில் சேராது. சிறு தேனீக்கள் மகரந்தத்தைத் திரட்டினும் சூல்முடியைத் தொடாமற் போதல் உண்டு. ஆகையால், காலை 8 மணி முதல் 11 மணிக்குள், ஒரு மலரின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றொரு மலரின் மூன்று பிளவான சூல்முடியில் தடவுதல் நலம். பூக்குங்காலத்தில் காலைவேளையில் பூச்சிமருந்து தெளித்தல் கூடாது. தெளிப்பின், உதவிக்கு வரும் பூச்சிகளும் மடியும். வேலியோரத்துப் பூஞ்செடிகளை அழியாது விடுதலும் இவற்றைக் காக்கும்.

எச்சரிக்கை:— இதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென மயங்கித் தின்றோர் இறந்ததுண்டு. கிழங்கையும் விதையையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு முதலிய குறிகள் சில மணி நேரம் கழித்தே தோன்றுமாதலால், தின்றதாக அறிந்த மாத்திரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கிராம அலுவலர்கள் இதனைப் பயிரிடுவோர்க்கும் கூலியாட்களுக்கும் நடவுக்கு முன்னரே எடுத்துரைப்பது அவசியம்.